பரண் மேல் இருந்த உப்பு

1941 ஆனி மாசக் கடைசியில், விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், அம்மிணி பம்பாய் மாட்டுங்காவில் தன் புருஷன் வீட்டுச் சமையலறைக்குள் முதன்முதலாக நுழைந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலக்காட்டுப் பக்கத்தில் அந்த வயது வரைக்கும் ஒரு பெண் கல்யாணமாகாமல் இருந்தால் ஊர் வாய் சும்மா இராது. ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், கடைசியில் பம்பாயில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த வேங்கடசுப்ரமணியனுக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டாள். அவருக்கு நாற்பத்தொன்று. முதல் மனைவி அகிலாண்டம் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏதோ வியாதியில் தவறிவிட்டாள், குழந்தை கிடையாது. அம்மிணிக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

மனைவி போன பிறகு வேங்கடசுப்ரமணியன் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார். சமையலறைக் கதவை அவர் திறந்ததே இல்லை என்பது உள்ளே அடித்த நாற்றத்திலேயே தெரிந்தது. ஆனால் சாமான்களெல்லாம் ஒரு பெண் வைத்த ஒழுங்கில் அப்படியே இருந்தன. கரண்டிகள் உயரவாரியாகத் தொங்கின. அஞ்சறைப்பெட்டியில் கடுகும் வெந்தயமும் தனித்தனியாக இருந்து உளுத்துப்போயிருந்தன. அம்மிணி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, புதுச் சாமான் நிரப்பி, உலை வைத்துவிட்டு உப்பைத் தேடினாள். உப்பு மட்டும் எங்கும் இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தபோது பரணில், ஒரு பெரிய பித்தளை அண்டாவுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி ஒரு ஜாடி இருந்தது. வாயைத் துணியால் மூடி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே கல்லுப்பு, மழை ஈரத்தில் ஊறி ஊறி ஒரே பாளமாக இறுகிப்போயிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய சாமானை யார் அங்கே கொண்டு ஒளித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. உலக்கை நுனியால் இடித்து உடைத்துக்கொண்டிருந்தபோது வேங்கடசுப்ரமணியன் வாசற்படியில் வந்து நின்றார்.

"இதை எங்கேர்ந்து எடுத்தே?"

"பரண்லேர்ந்து. யாரோ அங்கே கொண்டு வெச்சிருக்கா."

அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிவிட்டது. அப்படியே திரும்பிப் போனார்.

அன்றைக்கு இலை போட்டு, ரசம் வரைக்கும் பரிமாறிவிட்டு, சமைக்கிற எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வியை அம்மிணியும் கேட்டாள். "உப்புப் போறுமா?"

பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் எழுந்து போய்க் கையை அலம்பிக்கொண்டார். பாதிச் சாப்பாடு இலையில் கிடந்தது. தன் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து அம்மிணி அன்று மத்தியானம் முழுவதும் அழுதாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் அவரிடம் கேட்டதே இல்லை.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. கடுஞ்சொல் சொல்ல மாட்டார், வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருவார். ஆனால் அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பதுபோல, தாழ்ந்த குரலில்தான் பேசுவார். அகிலாண்டத்தின் படம் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. அம்மிணி கேட்டபோது, "எடுத்து வெச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சமையலறையில் இன்னொரு விஷயமும் அவளை உறுத்தியது. பம்பாய் மழைக்குச் சுவர்களெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும். ஆனால் ஜன்னலுக்கடியில், கீழே உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வருகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வழவழவென்று குழிந்து கிடந்தது. யாரோ தேய்த்துத் தேய்த்து எடுத்ததுபோல. காய் நறுக்க அவள் அந்த ஜன்னலடியில்தான் உட்காருவாள். கை சும்மா இருக்கும்போது அந்தக் குழிவை விரலால் தடவிப் பார்ப்பாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. நாற்பத்துமூன்றில் ஊரெல்லாம் ரேஷன் வந்தது. பர்மா அரிசி நின்றுபோய், முடைநாற்றமடிக்கும் ஏதோ ஒரு குருணை அரிசிக்காகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வருஷம்தான் வேங்கடசுப்ரமணியனுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் காலில் மறையாது.

கிங்ஸ் சர்க்கிளில் இருந்த டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். "உப்பைக் குறைக்கணும்" என்றார். "ஊறுகாய், அப்பளம், வடாம் பக்கமே போகப்படாது."

"குறைக்கறதா, அடியோட நிறுத்தறதா?" என்று வேங்கடசுப்ரமணியன் கேட்டார்.

"குறைச்சாலே போறும். ஒரு ஸ்பூன் போடற இடத்துல ஒரு சிட்டிகை."

"அடியோட நிறுத்தினா இன்னும் நல்லதோ?"

டாக்டர் சற்று விசித்திரமாக அவரைப் பார்த்தார். "குறைச்சாப் போறும்னேனே, சார்."

வீட்டுக்கு வந்ததும் வேங்கடசுப்ரமணியன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குப் போய், மூச்சிரைக்க ஸ்டூலில் ஏறி, உப்பு ஜாடியைப் பரணில் பழைய இடத்திலேயே கொண்டு வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் போடாதே. வெந்த சாதம், வெந்த காய். அது போறும்."

"புளி, மிளகு, பெருங்காயம் எல்லாம் போடலாமோன்னோ? டாக்டர் அதெல்லாம் கூடாதுன்னு சொல்லலையே."

"ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன்."

அம்மிணி சொன்னபடி செய்தாள். அந்தக் குருணை அரிசியை வடித்து, புடலங்காயையோ கொத்தவரங்காயையோ தண்ணீரில் வேகவைத்து அவர் முன்னால் வைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். மருந்து சாப்பிடுகிறவன்கூட முகத்தைச் சுளிப்பான், அவர் முகத்தில் அதுகூட இல்லை. கோர்ட்டில் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவனைப்போல இருந்தது. தீபாவளிக்குள் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிந்தது. கால் வீக்கம் மட்டும் வடியவில்லை.

டாக்டர் இந்த முறை அம்மிணியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "உப்பைக் குறைக்கச் சொன்னேனா, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னேனாம்மா? இப்படிப் பட்டினி போட்டா நான் குடுக்கற மருந்து என்ன பண்ணும்?"

அந்த வார்த்தை அம்மிணிக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அவள் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அன்றிலிருந்து தன் சாப்பாட்டிலும் உப்பை நிறுத்தினாள். தன் நாக்குக்குப் பிடிக்காததை அவர் நாக்குக்கு எப்படிக் கொடுப்பது?

முதல் பத்து நாள் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டதுபோலத்தான் இருந்தது. பிறகு நாக்கு மெல்ல அடங்கிவந்தது. இத்தனை நாளாக உப்புக்கடியில் பதுங்கியிருந்த ருசிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் உப்பையே கேட்கவில்லை, தங்கள் தித்திப்பே போதும் என்று இருந்தன. பாகற்காய் மட்டும் எதற்கும் மசியவில்லை, அதை விட்டுவிட்டாள். பருப்பை வேகவைப்பதற்கு முன் வாசனை வரும்வரை வறுத்தால் பாதிக் குறை தீர்ந்தது. எலுமிச்சம்பழத்தைக் கொதிக்கையில் பிழிந்தால் கசந்தது. இறக்கி, சூடு தணிந்த பிறகு பிழிந்தபோது, உப்புப் போட்டிருக்கிறதோ என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. டப்பாவில் இருந்த மிளகுப்பொடி உதவவில்லை. மிளகை அப்போதைக்கப்போது தட்டிப் போடவேண்டியிருந்தது. தனியாவை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தாள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் பச்சைத் தேங்காயெண்ணெயில் கசக்கிக் கடைசியில் சேர்த்தாள். மார்க்கெட்டில் மராட்டிக்காரியிடம் புளிப்புக்காகக் கோகம் என்கிற காய்ந்த பழத்தோல் வாங்கிவந்து நாக்கில் வைத்துப் பார்த்தால், அதை உப்புத் தடவித்தான் காயவைத்திருந்தார்கள். அதை அப்படியே அடுத்த வீட்டுப் பாகீரதி மாமிக்குக் கொடுத்துவிட்டாள். டாக்டர் அனுமதித்த அந்த ஒரு சிட்டிகையையும் இரண்டொரு தடவை சோதித்துப் பார்த்தாள். கொதிக்கும்போது போட்டால் போன இடம் தெரியவில்லை. அதையே நைசாக நுணுக்கி, பரிமாறும் சமயத்தில் மேலாகத் தூவினால் நாக்கு ஏமாந்துபோயிற்று. ஆனால் அவர் அந்தச் சிட்டிகைகூடக் கூடாது என்றிருந்ததால், அவருக்காகச் சமைத்ததில் அவள் அதையும் சேர்க்கவில்லை.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பருப்போடு தேங்காய் அரைத்துவிட்ட பறங்கிக்காய் மொளகூட்டல், தயிரில் இஞ்சியைத் துருவிப்போட்ட பச்சடி, தேங்காய் தூவி எலுமிச்சை பிழிந்த பீன்ஸ். வெந்த காயை எதிர்பார்த்து உட்கார்ந்த வேங்கடசுப்ரமணியன் இலையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அம்மிணி சாதம் போட்டாள்.

ஒரு கவளம் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். அப்புறம் பசித்தவன் சாப்பிடுகிற வேகத்தில் சாப்பிட்டார். மொளகூட்டலை மறுபடி போடச் சொல்லி இலையைக் காட்டினார். மூன்று மாசத்தில் அவர் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மிணிக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

சட்டென்று அவர் கை நின்றது.

"உப்புப் போட்டிருக்கியா?"

"ஒரு கல்லுகூடப் போடலை."

"பொய் சொல்லாதே அம்மிணி."

"சத்தியமாப் போடலை. ஜாடி பரண்லதான் இருக்கு, பாருங்கோ."

அவர் பரணைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். "இதைப் பண்ண எத்தனை நாழியாச்சு?"

"என்ன ஒரு அரை மணி ஆயிருக்கும். பெரிய வேலையொண்ணும் இல்லையே."

"அரை மணி" என்றார் அவர். "அரை மணி." எச்சில் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு, குரல் எழாமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதார். அம்மிணி பயந்துபோய் அருகே ஓடினாள். அவர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

"இனிமே இந்த மாதிரிப் பண்ணாதே. எனக்கு வெந்த காய் போறும்."

மறுநாள் அவர் ஆபீஸுக்குப் போனதும் அம்மிணி ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். பாகீரதி மாமி அங்கே கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிறவள். தூரத்தில் வடாலா உப்பளத்துக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

அம்மிணி நடந்ததைச் சொன்னாள். மாமி உலர்த்துவதை மறந்து, நீளப் புடவையின் ஒரு முனையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"உனக்கு யாருமே சொல்லலையா?" என்றாள் பிறகு. "அகிலாண்டத்துக்குக் குழந்தை செத்துப் பொறந்துது. அதுக்கப்புறம் அவ தேறவே இல்லை. உடம்பு பூரா நீர் கோத்துண்டுது. கண்ணே தெரியாதபடி மூஞ்சி வீங்கிப்போச்சு. அப்போ பாத்த டாக்டர் உப்பே ஆகாதுன்னுட்டார். உங்காத்துக்காரருக்கு டாக்டர் சொன்னா சொன்னதுதான். சமையலுக்கு ஒருத்தரை வெச்சார். அந்த மனுஷன் அரிசியையும் காயையும் தண்ணில போட்டு அவிச்சுத் தட்டுல கொட்டிட்டுப் போயிடுவார். உப்பு கிடையாது, சரி. புளி, மிளகு, ஒரு கறிவேப்பிலைகூடக் கிடையாது. பத்தியம்னா எல்லாத்தையும் எடுத்துடணும்னு அவாளுக்கு நெனைப்பு. ஏன், எனக்கும் அப்படித்தான் நெனைப்பு."

"அவா சாப்பிட்டாளா?"

"எப்படி இறங்கும்? கெஞ்சுவா. என் குரல் கேட்டா 'மாமி, ஒரு கல்லு உப்பு, ஒரே ஒரு கல்லு'ம்பா. மனசு கேக்காம ஒரு நாள் உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒண்ணை மடில வெச்சுண்டு போனேன். உங்காத்துக்காரர் வாசல்லேயே நிறுத்திட்டார். 'அவளைக் கொல்லப் பாக்கறேளா'ன்னு கேட்டார். அவர் பேரில நான் தப்புச் சொல்ல மாட்டேம்மா. அவளைக் காப்பாத்தணும்னுதான் அத்தனையும் பண்ணினார். அவ எழுந்துண்டு எடுத்துடப் போறாளேன்னு ஜாடியைத் தூக்கிப் பரண்ல வெச்சார்."

மாமி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு மழை நாள் உள்ளே போறேன், அவ சமையலறை ஜன்னலுக்கடியில உட்கார்ந்திருக்கா. முகத்தைச் சுவத்தோட ஒட்டி வெச்சுண்டு..." பாகீரதி மாமி முடிக்காமல் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினாள். "நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரியும். 'மாமி, அவர்கிட்ட சொல்லிடாதீங்கோ'ன்னா. நான் சொல்லலை. கடைசில வியாதில போனாளோ, சாப்பிடாம போனாளோ, அந்த பகவானுக்குத்தான் வெளிச்சம்."

அம்மிணி கீழே வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள். அந்தக் குழிவு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. இரண்டு வருஷமாகத் தான் விரலால் தடவிக்கொண்டிருந்தது எதை என்று அவளுக்குப் புரிந்தது. விரல்களைப் புடவையில் துடைத்தாள். உடனே அப்படித் துடைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

அன்றிலிருந்து அவள் அந்தச் சமையலறையில் தனியாக இருந்ததில்லை. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. கடுகு வெடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளுக்கு இழுப்பதுபோல இருக்கும். பெருங்காயம் பொரிகிற வாசனைக்கு யாரோ தலை நிமிர்த்துவதுபோல இருக்கும். குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறவள், கரண்டியில் ஒரு வாய் மிச்சம் வைத்து ஜன்னலடித் தரையருகே நீட்டிவிட்டுத் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள். சில நாள் கோபமும் வரும். நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தேனே, அது இந்த வீட்டில் ஒருத்திக்குச் செய்த துரோகத்துக்குச் சாட்சியாகவா போகவேண்டும் என்று செத்தவளிடமே சண்டை போடுவாள். வேங்கடசுப்ரமணியன் அவள் தாளித்து வைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெறும் சாதத்தை விழுங்கி மேலும் மேலும் மெலிந்தார்.

சித்திரை பிறந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சாயங்காலம் வானமே இடிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. மாட்டுங்காவரைக்கும் ஜன்னல்கள் அதிர்ந்தன. துறைமுகத்தில் கப்பல் வெடித்துவிட்டது, கோட்டைப் பக்கமெல்லாம் தீ என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். வேங்கடசுப்ரமணியனின் ஆபீஸ் அந்தப் பக்கம்தான். அம்மிணி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து அவர் வந்தார். பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யாருடைய லாரியிலோ தொற்றிக்கொண்டு வந்திருந்தார். தலையெல்லாம் கரி, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மிணிக்குத் தனியாக வெந்த காய் பண்ணத் தோன்றியிருக்கவில்லை. தனக்கென்று பண்ணிவைத்திருந்த மொளகு ரசத்தைச் சாதத்தில் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். அவர் பார்க்கவே இல்லை. கிண்ணத்தைக் கையில் வாங்கி, கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"அவளுக்கும் இப்படித்தான் பசிச்சிருக்கும்" என்றார்.

அம்மிணி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போறதுக்கு முந்தின நாள் ஒரு கல் உப்புக் கேட்டா. நாக்குல வெச்சுண்டு உடனே துப்பிடறேன்னா. நாளைக்குத் தரேன்னு சொன்னேன். சமாதானத்துக்குச் சொன்னேன்."

"டாக்டர் சொன்னதைத்தானே கேட்டேள்."

"உப்பு வேண்டாம்னுதானே டாக்டர் சொன்னார்? ருசி வேண்டாம்னு சொல்லலையே. நீ அன்னிக்கு அரை மணின்னியே..."

"அரை மணில பண்ணினேன். கண்டுபிடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு" என்றாள் அம்மிணி. "எனக்கும் யாரும் சொல்லிக் குடுக்கலை. உங்களுக்கும் யாரும் சொல்லலை."

"நான் யாரையும் கேட்கலையே அம்மிணி. கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

சொல்லி ஆற்றக்கூடியதாக அது இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், திரும்பி வந்து, "அவாளுக்குச் சுமங்கலிப் பிரார்த்தனை பண்ணணும்" என்றாள். சுமங்கலியாகப் போன பெண்ணை நினைத்து, மற்ற சுமங்கலிகளை உட்காரவைத்து, அவளுக்கும் ஒரு இலை போட்டுச் செய்கிற சமாராதனை அது. அகிலாண்டம் போய் இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூட அந்த வீட்டில் நடக்கவில்லை.

"யார் சமைப்பா?"

"நான்தான் சமைப்பேன்."

ஆவணி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ரேஷன் காலத்தில் அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் வெல்லமும் கொடுத்து உதவினார்கள். அம்மிணி தானே ஸ்டூலில் ஏறி ஜாடியை இறக்கினாள். பச்சடி, கறி, மோர்க்கூட்டான், வடை, பாயசம் எல்லாம் முறைப்படி, உப்புப் போட்டே சமைத்தாள். பாகீரதி மாமியோடு ஐந்து சுமங்கலிகள் மடிசார் கட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மணையில் புதுப் புடவையும் பூவும் வைத்து, அதற்கு முன்னால் அகிலாண்டத்தின் இலை.

அம்மிணி உப்புக் கிண்ணத்தோடு அந்த இலைக்கு முன்னால் குனிந்தபோது வேங்கடசுப்ரமணியன் வாசற்படியில் வந்து நின்றார்.

"உப்பை நான் வெக்கறேன்."

"பொம்மனாட்டிகள் பந்தியில ஆம்பளை பரிமாறற வழக்கம் கிடையாதே" என்றாள் ஒரு மாமி.

பாகீரதி மாமி அவள் தொடையில் கை வைத்து அடக்கினாள். அம்மிணி கிண்ணத்தைக் கொடுத்தாள்.

அவர் இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். இன்னொரு சிட்டிகை வைத்தார். பிறகு விரல்களால் அள்ளி வைத்தார். கை நிற்கவில்லை. வெள்ளையாகக் குவிந்து, வடை மேலும் கறி மேலும் சரிந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அம்மிணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "போறும். அவா சாப்பிடட்டும்."

பந்தி எழுந்த பிறகு, அந்த இலையில் வீட்டுப் பெண் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பது வழக்கம். அம்மிணி உட்கார்ந்தாள். பத்து மாசமாக உப்பை மறந்த நாக்கு. முதல் கவளத்திலேயே வாய் வெந்துபோனதுபோல எரிந்தது. உப்புக் கரிக்கக் கரிக்க, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, அவள் ஒன்றையும் ஒதுக்காமல் சாப்பிட்டாள். யாருக்காகச் சாப்பிடுகிறோம் என்ற ஞாபகத்தில் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அத்தனை எரிச்சலுக்கு நடுவிலும், அவளுடையதில்லாத ஒரு ஆசை அவள் கையை இலைக்கும் வாய்க்குமாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆசையை நினைத்துத்தான் அவள் பிற்பாடும் பயந்தாள்.

அதற்குப் பிறகு வேங்கடசுப்ரமணியன் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார். கால் வீக்கம் மெல்ல வடிந்தது. டாக்டர் அவளிடம் என்ன போடுகிறாய், எப்படிப் போடுகிறாய் என்று விசாரித்து, வேறு நோயாளிகள் வீட்டிலும் சொன்னார். ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் வேங்கடசுப்ரமணியன் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அம்மிணி முதலில் காத்திருந்தாள். பிறகு, வராமல் இருப்பதே நல்லது என்று புரிந்துகொண்டாள். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன் ஜன்னலடியில் எத்தனை பூசியும், அடுத்த மழையில் அந்த இடம் மட்டும் உரிந்து விழுந்தது.

நாற்பத்தெட்டில் கீழ் மாடிக்கு விஜயலக்ஷ்மி என்று ஒரு பெண் குடிவந்தாள். பத்தொன்பது வயது, ஏழு மாசக் கர்ப்பம். புருஷன் ரயில்வேயில் வேலை. ஒருநாள் படியில் அவளைப் பார்த்த அம்மிணியின் கண் நேரே அவள் காலுக்குப் போயிற்று. காலும் கையும் ஊதியிருந்தன. மோதிரம் விரலைப் பிடித்து இறுக்கியிருந்தது. அன்றே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

"எனக்கு உப்பில்லாம ஒண்ணும் இறங்காதே மாமி" என்று விஜயலக்ஷ்மி அழுதாள்.

"இறங்கறா மாதிரி நான் பண்ணித் தரேன். நீ வந்து உட்காரு, போறும்."

தினமும் மத்தியானம் விஜயலக்ஷ்மி மேலே வந்து சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஜன்னலடியில் மட்டும் அவளை உட்கார விடமாட்டாள் அம்மிணி. எதிரிலேயே உட்கார்ந்து, அவள் கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை எழுந்திருக்கமாட்டாள். "என்ன மாமி, நான் ஓடிப்போயிடுவேன்னு காவல் இருக்கேளா?" என்று அந்தப் பெண் சிரிப்பாள். அம்மிணி சிரிக்க மாட்டாள்.

வேங்கடசுப்ரமணியன் அந்தச் சமயம் உடம்பு முடியாமல் ஆபீஸிலிருந்து நின்றுவிட்டிருந்தார். கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருப்பார். விஜயலக்ஷ்மி கீழே போனதும் கூப்பிடுவார்.

"அந்தக் குழந்தை சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"மிச்சம் வெக்காம?"

"மிச்சம் வெக்கலை."

சற்றுப் பொறுத்து அதையே மறுபடியும் கேட்பார். அம்மிணியும் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்வாள்.

மார்கழியில் விஜயலக்ஷ்மிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் சௌக்கியம். அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியான வேளையில் அந்தச் சமையலறையில் வந்து உட்கார இப்போது வேறு யாரும் இல்லை.

ஆனால் தட்டு அலம்புகிற சத்தம் நின்றதும் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அகிலாண்டம் சாப்ட்டாளா?"

அம்மிணி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பதிலுக்காக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். திருத்தலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"சாப்ட்டா" என்றாள். "மிச்சம் வெக்காம சாப்ட்டா. நீங்க வாங்கோ, உங்களுக்கு இலை போட்டாச்சு."